வெயிலுக்கு வந்த செடி ஏன் வெளுக்கிறது?

கோடை வந்தால் மதுரையில் பல மொட்டை மாடிகளில் இது நடக்கிறது. நர்சரியின் பச்சை வலைக்கு அடியில் தளதளவென்று நின்ற செடியை வாங்கிவந்து மாடியில் வைக்கிறார்கள். மண் நல்ல மண், தண்ணீருக்கும் குறைவில்லை. இருந்தும் இரண்டு மூன்று நாளில் இலை வெளுத்து, தொட்டால் நொறுங்குகிறது. சத்து போதவில்லை என்று நினைத்து உரம் போடுகிறவர்கள்தான் அதிகம்.

அந்த இலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெளுப்பு இலை முழுக்கப் பரவியிருக்காது. மேலே இருக்கிற இன்னொரு இலையின் நிழல் உச்சி வேளையில் விழுந்த இடம் பச்சையாகவே இருக்கும். சில சமயம் அந்த நிழலின் ஓரம்கூடத் தெளிவாகத் தெரியும். சத்துக் குறைவும் பூஞ்சையும் இப்படி நிழல் பார்த்து ஒதுங்காது. தண்ணீர்த் தட்டுப்பாடும் காரணமில்லை. தாகத்தில் துவண்ட இலை சாயங்காலம் தண்ணீர் ஊற்றினால் நிமிர்ந்துவிடும், வெளுத்த இடம் திரும்பப் பச்சையாகாது. இது வெயில் சுட்ட காயம்.

நம் கண் வெளிச்சத்துக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொள்வதால் வீட்டுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் நமக்குச் சரியாகப் புரிவதில்லை. டியூப்லைட் போட்ட அறையில் சில நூறு லக்ஸ் வெளிச்சம் இருக்கும், ஜன்னலோரத்தில் சில ஆயிரம். உச்சி வெயிலில் அது 1,00,000 லக்ஸ். பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலையைக் கட்டினாலும் 50,000 உள்ளே வந்துவிடும்.

குறைந்த வெளிச்சத்தில் வளரும் செடி, கிடைக்கிற கொஞ்ச ஒளியையும் விடாமல் பிடிக்கிற மாதிரிதான் இலையைக் கட்டுகிறது: அகலமாக, மெல்லியதாக, ஒளியைப் பிடிக்கும் பச்சையம் நிறைய. பிடித்த ஒளியைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகளோ குறைவு. அப்படிப்பட்ட இலைமேல் முழு வெயில் விழுவது, பத்துப் பேருக்குச் சமைத்த பந்தியில் நூறு பேர் வந்து உட்காருவதைப் போலத்தான். செலவாகாத ஒளியாற்றல் பச்சையத்திலிருந்து பக்கத்தில் உள்ள ஆக்சிஜனுக்குத் தாவி, அதைக் கண்டதையெல்லாம் அரிக்கிற ஒரு வடிவத்துக்கு மாற்றுகிறது. முதலில் அடிபடுவது ஒளிச்சேர்க்கை இயந்திரத்தில் உள்ள டி1 என்ற புரதம். எந்தச் செடியிலும் இந்தப் புரதம் பகலெல்லாம் சிதைவதும் புதிதாய்ச் செய்யப்படுவதுமாகவே இருக்கும். சிதையும் வேகம் பழுதுபார்க்கும் வேகத்தைத் தாண்டும்போது பச்சையமே அழிந்து இலை வெளுக்கிறது.

இதற்குச் செடியிடம் ஒரு தற்காப்பு உண்டு. வெயில் ஏறிய சில நிமிடங்களிலேயே இலையில் இருக்கும் வயலாசாந்தின் என்ற மஞ்சள் நிறமி சியாசாந்தின் என்ற இன்னொன்றாக மாறும். உபரி ஒளியை வெப்பமாக்கிக் கழித்துவிட அது உதவும். நிழல் இலையில் இந்த நிறமிகளின் இருப்பே குறைவு. போதாக்குறைக்குப் புற ஊதாக் கதிர் வேறு. அதில் தீங்கு அதிகமான யுவி-பி பகுதியைச் சாதாரண ஜன்னல் கண்ணாடியே கிட்டத்தட்ட முழுவதும் தடுத்துவிடும். ஆகவே கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்த செடிக்கு, மேல்தோலில் அந்தக் கதிரை மறிக்கும் சாயங்களைச் சேர்த்துவைக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. மாந்தளிரிலும் வேப்பந்தளிரிலும் நாம் பார்க்கிற செம்பு நிறம், முற்றாத இலையை வெயிலிலிருந்து காக்கும் அப்படியொரு சாயம்தான்.

நாலு நாள் வெயிலில் வைத்தால் செடி பழகிவிடும் என்கிறோமே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. விரிந்து முடிந்த இலை நிறமிகளை ஓரளவு கூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அதன் தடிமனோ செல் அடுக்குகளோ இனி மாறாது. வெயிலுக்கேற்ற தடித்த இலையாக வரப்போவது குருத்துக்குள் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிற இலைதான். அதற்குச் சேதி சொல்வது பழைய இலைகள். கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அரபிடாப்சிஸில் முற்றிய இலைகளை மட்டும் மூடி நிழலாக்கிப் பார்த்தார்கள். வெளிச்சத்திலேயே இருந்த புது இலைகளிலும், நிழலில் வளர்ந்தவை போல, இலைத்துளைகள் குறைந்தன. அதனால் பழைய இலை கருகாமல் இருப்பது முக்கியம். புது இலை வரும்வரை செடிக்குச் சோறு போடுவதும் அதுதான்.

பழைய இலை புது இடத்துக்குப் பொருந்தாமல் போவது அப்பட்டமாகத் தெரிவது ஜி9 மாதிரியான திசு வளர்ப்பு வாழையில். ஆய்வகப் பாட்டிலுக்குள் 2,000, 3,000 லக்ஸ் வெளிச்சம், 25 டிகிரி வெப்பம், ஏறக்குறைய முழு ஈரப்பதம். சாப்பாடு, கன்று வளர்கிற ஊட்டக் கூழிலேயே சர்க்கரையாகக் கிடைக்கிறது. அந்தக் கன்றின் இலையில் மெழுகுப் பூச்சு சரியாகப் படிந்திருக்காது, இலைத்துளைகளுக்கு மூடவும் தெரியாது. 25 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதத்தில் இருந்த கன்றை 38 டிகிரியும் 35 சதவீத ஈரப்பதமும் உள்ள மதுரைப் பகலில் வைத்தால், காற்று இலையிலிருந்து நீரை இழுக்கும் வலு ஏறத்தாழ 27 மடங்காகிவிடும். கூழில் முளைத்த வேரால் அதை ஈடுகட்ட முடியாது. அதனால்தான் முதலில் ஈரம் நிறைந்த பசுங்குடிலில் சில வாரம், அப்புறம் நிழல்வலையில் சில வாரம் என்று இரண்டு கட்ட ஹார்டனிங், அதாவது வெளிச் சூழலுக்குப் பழக்குவது. ஓரடி உயரமும் ஐந்தாறு இலையும் வந்த கன்றுதான் தோட்டத்துக்கு வர வேண்டும். அந்த இலைகள் பாட்டிலுக்கு வெளியே பிறந்தவை. விலை குறைவு என்று இரண்டாம் கட்டம் முடியாத கன்றை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சோழவந்தான் பக்கம் கொடிக்கால் போடுகிறவர்கள் முதலில் அகத்தியை வளர்த்து, அதன் நிழல் தயாரான பிறகே வெற்றிலைக் கொடியை ஊன்றுவார்கள். வெற்றிலை கடைசிவரை நிழலுக்கே உரிய கொடி, அதை வெயிலுக்குப் பழக்க முயல வேண்டியதில்லை. எல்லாச் செடியையும் வெளியே கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று இல்லை.

காற்றும் ஒரு பாடம். அசைவில்லாத இடத்தில் வளர்ந்த தண்டு நெட்டையாய், நலிந்து நிற்கும். அசைத்தும் தடவியும் வந்தால் தண்டு குட்டையாகித் தடிக்கிறது என்பதைக் காட்டி 1973-ல் அதற்குப் பெயரும் வைத்தவர் மார்டெகாய் ஜாஃபி. ஆடிக் காற்றுக்கு முன்பே செடிக்கு இளங்காற்று பட்டிருப்பது நல்லது.

செவ்வந்தி மாதிரிச் செடிகளில் இரவின் நீளத்தையும் கவனிக்க வேண்டும். நீண்ட இரவு கிடைத்தால்தான் அது மொட்டு வைக்கும். ராத்திரியில் லைட் எரிகிற இடத்தில் இலையாகவே வளர்ந்துகொண்டிருந்த செடி, இருட்டுள்ள மாடிக்கு வந்ததும் சின்னதாய் இருக்கும்போதே பூக்கக் கிளம்பிவிடும்.

சரி, மாற்றுவது எப்படி? முதல் வாரம் கிழக்குப் பார்த்த இடத்தில் காலை எட்டு, ஒன்பது மணி வரை வெயில், பிறகு நிழல்வலையின் நிழல். அப்புறம் நேரத்தை மெல்லக் கூட்டலாம். கறுப்பு பாலித்தீன் பையைச் சூடேறிய தளத்தில் அப்படியே வைத்தால் வேர் வெந்துவிடும், கீழே செங்கல்லோ பலகையோ கொடுங்கள். இந்த நாட்களில் யூரியா வேண்டாம், அது இலையை மேலும் மென்மையாக்கும். அவசரமில்லை என்றால் ஐப்பசி மழைக்குக் காத்திருக்கலாம், மேகமும் ஈரக்காற்றும் பாதி வேலையைச் செய்துவிடும். ஓரம் கருகிய இலையை உடனே கிள்ளாதீர்கள், மிச்சமுள்ள பச்சை இன்னும் வேலை செய்கிறது. வெளியே வந்தபின் விரிந்த புது இலை இரண்டு மூன்று முற்றியதும் நிழல்வலையை எடுத்துவிடலாம்.