பற்றாசு இல்லாமல் பற்றும் வயர்

வைஃபை சிப் பொருத்திய ஈஎஸ்பி32 போர்டு மேசைமேல் கிடக்கும்வரை சமர்த்தாக ஓடும். பெட்டிக்குள் வைத்து மூடினால், வைஃபை இணையப்போகும் நேரம் பார்த்து ரீசெட் ஆகும். புரோகிராமில் தப்பைத் தேடுவார்கள், பேட்டரியை மாற்றுவார்கள். பேட்டரி வயரைப் போர்டில் செருகும் கனெக்டரை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை. வைஃபையில் தகவல் அனுப்பும்போது அந்தச் சிப் ஏறத்தாழ 240 மில்லிஆம்பியர் இழுக்கிறது. கனெக்டரில் 1 ஓம் மின்தடை ஒளிந்திருந்தால் கால் வோல்ட் அங்கேயே கழிந்துவிடும். பேட்டரி ஏற்கெனவே இறங்கியிருந்தால், சிப் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ள அது போதும்.

கனெக்டர் செய்யும் ஜேஎஸ்டி நிறுவனத்தின் பிஎச் வகைக்கு, புதிதில் 10 மில்லிஓமுக்கு மேல் மின்தடை இருக்கக் கூடாது என்பது கணக்கு. அதில் நூறு மடங்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வயரும் உலோக முனையும் சேரும் இடத்திலிருந்துதான். முனையை வயர்மேல் நசுக்கிச் செய்யும் அந்த இணைப்புக்குக் கிரிம்ப் என்று பெயர்.

வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டாலும், உண்மையில் சில மேடுகள் மட்டுமே உரசுகின்றன. அவற்றின் மேலும் ஆக்சைடு படலம் உண்டு. கிரிம்ப் டூல் செம்பு இழைகளை நசுக்கி உருமாற்றும்போது அந்தப் படலம் கிழிகிறது. உள்ளிருக்கும் புது உலோகம் புது உலோகத்தோடு அழுந்துகிறது, சில புள்ளிகளில் சூடே இல்லாமல் ஒட்டியும்விடுகிறது. இடையில் காற்று புக இடமில்லாததால் பிறகு துருவும் ஏறுவதில்லை.

உலோக முனையில் இரண்டு ஜோடிக் காதுகள் இருக்கும். முன்ஜோடி செம்பைப் பிடிக்க, பின்ஜோடி மேலுறையைப் பிடிக்க. வயரை இழுத்தாலும் வளைத்தாலும் அந்தப் பாரம் பின்ஜோடிக்குப் போக வேண்டும், மெல்லிய இழைகளுக்கு அல்ல. சரியான டூலின் பள்ளத்தில் முன்காதுகள் உள்நோக்கிச் சுருண்டு இழைகளின் நடுவில் இறங்கும். சாதாரண பிளேயரால் அமுக்கினால் காதுகள் சுருளாது, வெறுமனே மடியும். கொஞ்சம் இழுத்தால் வயர் கையோடு வந்துவிடும். ஜப்பானின் ‘எஞ்சினியர்’ என்ற நிறுவனத்தின் பிஏ-09 போன்ற கைக்கருவியில் 1.0 முதல் 1.9 மி.மீ. வரை பள்ளங்கள் உண்டு. முன்ஜோடியைத் தனியாக, பின்ஜோடியைத் தனியாக அழுத்த வேண்டும். மேலுறையை 2 மி.மீ. அளவுக்கு உரித்தால் போதும்.

பாதுகாப்புக்கு என்று சிலர் இழைகளில் முதலில் சால்டர், அதாவது உருக்கி ஒட்டும் பற்றாசு, ஏற்றிவிட்டுக் கிரிம்ப் செய்வார்கள். கெட்டியாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சால்டர் மெத்தென்ற உலோகம். தொடர் அழுத்தத்தில் மெல்ல மெல்ல வழிந்து விலகும், பிடி தளரும். கிரிம்ப் செய்தபின் சால்டர் வைத்தாலோ, அது இழைகளுக்குள் ஏறி விறைத்து, விறைப்பு முடியும் இடத்தில் வயர் ஒடியும். இரண்டும் வேண்டாம்.

எந்தக் கனெக்டர் என்பதைப் பின்களின் இடைவெளி சொல்லும். ஜேஎஸ்டி வகைகளில் எஸ்எச் 1.0 மி.மீ., பிஎச் 2.0, எக்ஸ்எச் 2.5. மின்னோட்டம் அதே வரிசையில் 1, 2, 3 ஆம்பியர். அதுவும் அந்தந்த வகை ஏற்கும் தடித்த வயரைப் போட்டால்தான். எக்ஸ்எச்சை 2.54 மி.மீ. இடைவெளியுள்ள போர்டு துளைகளில் செருகிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டு பின்னுக்குச் சரி. பத்துப் பின் என்றால் கடைசிப் பின் 0.36 மி.மீ. தள்ளி நிற்கும். இணையக் கடைகளில் ‘ஜேஎஸ்டி 1.25’ என்று விற்பது பல நேரங்களில் மோலெக்ஸ் என்ற வேறு நிறுவனத்தின் பிகோபிளேடு வடிவம். ஜேஎஸ்டியின் ஜிஎச்சும் 1.25தான், ஆனால் ஒன்று மற்றதில் பொருந்தாது. எஸ்எச்சைக் கையால் கிரிம்ப் செய்வது, என்னைக் கேட்டால், வீண் வேலை. கிரிம்ப் செய்த வயர்களாகவே வாங்கிவிடுங்கள்.

லித்தியம் பேட்டரிக்கு வரும் இரண்டு பின் பிஎச்சில் எது பிளஸ் என்று ஜேஎஸ்டி வரையறுக்கவில்லை. போர்டு செய்பவர் ஒரு பக்கம் வைப்பார், பேட்டரி விற்பவர் மறுபக்கம் வைப்பார். கனெக்டரோ கச்சிதமாகப் பொருந்தும், போர்டு கருகும். மல்டிமீட்டரால் பார்த்த பிறகே செருகுங்கள். மாறியிருந்தால் வயரை வெட்ட வேண்டியதில்லை. பிளாஸ்டிக் கூட்டின் ஜன்னலில் தெரியும் சிறு நாக்கை ஊசியால் அமுக்கினால் முனை வெளியே வரும். ஒன்றை உருவியதும் அதற்கு டேப் சுற்றிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டு முனையும் வெளியில் தொட்டுக்கொண்டால் பேட்டரி ஷார்ட் ஆகும்.