கிளேசிங் என்றால் கண்ணாடியிடல், மெருகூட்டல் அன்று

யன்னலில் இரண்டு கண்ணாடிகளை நடுவே இடைவெளி விட்டுப் போடும் ‘டபுள் கிளேசிங்’ என்பதற்கு ‘இரட்டை மெருகூட்டல்’ என்று ஒரு தமிழ் பரவிக்கொண்டிருக்கிறது. யூபிவிசி (கடினப் பிளாஸ்திக்) யன்னல் விற்கிறவர்களின் துண்டுப்பிரசுரங்களில் இருக்கிறது. கட்டட வேலைக் குறிப்புகளில் இருக்கிறது. இணையத்தில் இயந்திரம் மொழிபெயர்த்துக் கொட்டிய பக்கங்களில் கணக்கில்லாமல் இருக்கிறது. ‘கிளேசிங்’ தனியே வந்தால் மெருகூட்டல். கண்ணாடி போடுகிறவரைக் குறிக்கும் ‘கிளேசியர்’ வந்தால் மெருகூட்டுபவர். இது பிழை. இலக்கணக்காரர்கள் மட்டும் கவலைப்படும் பிழையுமல்ல. செய்யவேண்டிய வேலையையே மாற்றிவிடுகிற பிழை.

மெருகு என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் வருவது மெருகு. நகையில் இருப்பது மெருகு. தேய்த்தோ பூசியோ ஒரு பொருளின் மேற்பரப்பைப் பளபளக்கச் செய்வது மெருகூட்டல். கண்ணாடி போடுகிற வேலையில் எதையும் யாரும் பளபளப்பாக்குவதில்லை. மரச்சட்டத்திலோ அலுமினியச் சட்டத்திலோ கண்ணாடியை வைத்து, அது ஆடாமலும் மழைத்தண்ணீர் உள்ளே வராமலும் இறுக்குகிறார்கள். அந்த வேலைக்கும், அப்படிப் போட்ட கண்ணாடிக்கும் சேர்த்துத்தான் ஆங்கிலத்தில் கிளேசிங் என்று பெயர்.

சொல்லின் பிறப்பு எளிது. ‘கிளாஸ்’ என்ற பெயரிலிருந்து வந்த வினை ‘கிளேஸ்’. புல்லைக் குறிக்கும் ‘கிராஸ்’ என்பதிலிருந்து மேய்தலைக் குறிக்கும் ‘கிரேஸ்’ வந்ததும் இதே வழியில்தான். ஆக, கிளேஸ் என்றால் கண்ணாடி போடு. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே யன்னலுக்குக் கண்ணாடி இடுவது என்ற பொருள் அதற்கு இருந்தது. மட்பாண்டத்தின் மேல் பூசிச் சூளையில் சுட்டெடுக்கும் வழவழப்பான தோலையும் அதே சொல்லால் அழைத்தார்கள். அந்தத் தோலும் உருகி இறுகிய ஒருவகைக் கண்ணாடியே. கேக்கின் மேல் ஊற்றும் சீனிப்பாகு அதன் பளபளப்பால் அந்தப் பெயரை வாங்கியது.

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. ஆங்கில–தமிழ் அகராதியைத் திறந்தால் மட்பாண்டத்துக்கும் பலகாரத்துக்கும் உரிய பொருள் கண்ணில் படுகிறது: மெருகு, மினுக்கம். மொழிபெயர்ப்பவர் அதை எடுத்து யன்னலில் ஒட்டிவிடுகிறார். தான் எழுதுவது எந்தத் தொழிலைப் பற்றி என்று ஒரு தடவை நின்று பார்த்திருந்தால் போதும்.

இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயங்களும் உண்டு. ‘கிளாஸ்’ என்ற சொல்லின் பழைய வேர் மினுங்குதலைக் குறிக்கிறது, ஆகவே மெருகு பொருந்தும் என்பது ஒன்று. வேர் அப்படித்தான். ஆனால் வேரின் பொருளை வைத்துக் கலைச்சொல் ஆக்குவதில்லை. யன்னல் என்ற நம் சொல் ‘ஜனேலா’ என்ற போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து வந்தது. சிங்களத்தில் ‘ஜனேலய’ என்பதும் அதுவே. நாம் யன்னல் என்று சொல்லும்போது போர்த்துக்கீச வேர் எதைக் குறித்தது என்று யாரும் கேட்பதில்லை, சுவரில் உள்ள திறப்பைத்தான் நினைக்கிறோம். மெருகு என்று சொன்னாலும் அப்படியே, கேட்கிறவர் பளபளப்பைத்தான் நினைப்பார். சொல்லின் பொருள் கேட்கிறவரின் காதில் இருக்கிறது. வேரில் தேடினால் கிடைக்காது.

ஏற்கனவே பரவிவிட்டது, இனி மாற்ற முடியாது என்பது இன்னொரு நியாயம். எங்கே பரவிவிட்டது? காகிதத்திலும் திரையிலும் மட்டுந்தான். இலங்கை மலைநாட்டில் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ வெலிமடையிலோ ஒரு தச்சுவேலை பாஸிடம் போய் “யன்னலுக்கு மெருகூட்டணும்” என்று சொன்னால், மரத்துக்கு வார்னிஷா பொலிஷா என்றுதான் கேட்பார். “கண்ணாடி போடணும்” என்றால் அளவு நாடாவை எடுப்பார். வேலை செய்கிறவர்களின் வாயில் இருக்கும் சொல் இன்னும் சரியாகவே இருக்கிறது. அதைக் கெடுக்கும் சொல்லைப் பரவிவிட்டது என்று ஏற்றுக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

கேடு எப்படி வருகிறது என்று வேலையை வைத்தே பார்க்கலாம். பழைய துரை பங்களாக்களின் மர யன்னலில் உடைந்த கண்ணாடியை மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் கண்ணாடி உட்காரும் படிவெட்டுக்குக் காடி என்று பெயர். கண்ணாடியைப் பிடித்துவைத்திருக்கும் பழைய பட்டியை (‘புட்டி’) சுரண்டி எடுத்து, காடியைச் சுத்தம் செய்து, மரத்துக்குப் பிரைமர் அடித்துக் காயவிட வேண்டும். கண்ணாடியைக் காடியின் அளவைவிட உயரத்திலும் அகலத்திலும் 3 மி.மீ. குறைத்து வெட்ட வேண்டும். சரியளவில் வெட்டினால் ஈரத்தில் மரம் ஊதும்போது கண்ணாடி வெடிக்கும். வெண்கட்டித்தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்த பட்டியை 2 மி.மீ. கனத்தில் காடியில் படுக்கையாக வைத்து, கண்ணாடியின் ஓரங்களை மட்டும் அழுத்திப் பதிக்க வேண்டும். நடுவில் அழுத்தினால் உடையும். தலையில்லாத சின்ன ஆணிகளை ஓரத்தோடு ஓரமாக அடித்து, அதன்மேல் வெளிப்பட்டியைச் சரிவாக இழைக்க வேண்டும். பட்டியின் மேல் தோல் பிடிக்க ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். மலைநாட்டு மழைக்காலத்தில் கூடுதலாகவே பொறுக்க வேண்டும். பிறகு பெயின்ட் அடிக்கும்போது அது கண்ணாடியின் மேலும் 2 மி.மீ. ஏறி நிற்க வேண்டும். அந்தக் கீற்றுத்தான் பட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே தண்ணீர் இறங்காமல் தடுக்கிறது. பிரைமர் இல்லாமல் பட்டி வைத்தால் வெறும் மரம் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பட்டி வறண்டு வெடிக்கும், தண்ணீர் காடிக்குள் இறங்கும், கீழ்ச்சட்டம் உளுத்துப்போகும்.

இப்போது இதையே அந்தத் தமிழில் பாருங்கள்: ‘பிரைமர் காய்ந்தபின் மெருகூட்டவும். மெருகு இறுகியபின் பெயின்ட் அடிக்கவும்.’ இதை நம்பி வேலை செய்கிறவர் காடிக்குள் வார்னிஷோ மெழுகுப் பொலிஷோ போடுவார். மெழுகின் மேல் பட்டி பிடிக்காது, பெயின்டும் உரியும். கதவு விலைப்பட்டியலில் இன்னும் மோசம். கண்ணாடி இல்லாமல் வரும் கதவை ‘மெருகூட்டப்படாத கதவு’ என்று போடுகிறார்கள். வாங்குகிறவர், கண்ணாடி இருக்கிறது, வார்னிஷ் மட்டுந்தான் அடிக்கவில்லை என்று எண்ணிக் காசைக் கட்டுகிறார். வந்து இறங்குவது வெறும் சட்டம். ‘கண்ணாடி இல்லாக் கதவு’ என்று மூன்று சொல்லில் எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

டபுள் கிளேசிங்குக்கு வருவோம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வழமையாக 12 அல்லது 16 மி.மீ. இடைவெளி விட்டு, ஓரத்தைச் சுற்றிக் காற்றுப்புகாமல் அடைத்தது அது. ஓரத்தில் ஓடும் அலுமினியப் பட்டைக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கும். இப்படியொரு அமைப்புக்கு 1865இலேயே நியூயோர்க்கில் தோமஸ் ஸ்டெட்சன் காப்புரிமை பெற்றிருக்கிறார். ஒற்றைக் கண்ணாடி வழியாக ஒரு சதுர மீற்றருக்கு, ஒரு பாகை வித்தியாசத்துக்கு, ஏறத்தாழ 5.7 வாட் சூடு வெளியேறும், 12 மி.மீ. இடைவெளி விட்ட இரட்டையில் அது 2.8 அளவுக்கு இறங்கும். நுவரெலியாவில் இதன் பொருள் என்ன? இரவில் வெளியே 9 பாகை செல்சியஸ், அறைக்குள் 18 பாகை, காற்றில் ஈரப்பதன் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று ஏறத்தாழ 14.5 பாகைக்குக் குளிர்ந்தால் நீர்விடும். ஒற்றைக் கண்ணாடியின் உட்பக்கம் 11 பாகைக்கு இறங்கிவிடுவதால் விடியும்போது யன்னற்கட்டையில் தண்ணீர் நிற்கும். இரட்டையில் உட்பக்கம் 14.7 அளவில் நிற்பதால் மயிரிழையில் காய்ந்திருக்கும். இந்த வேலை முழுவதையும் செய்வது நடுவில் உள்ள இடைவெளி. ‘இரட்டை மெருகூட்டல்’ என்ற சொல்லில் கண்ணாடியும் இல்லை, இடைவெளியும் இல்லை. இரண்டு தடவை பூசியது என்ற பொருள்தான் இருக்கிறது.

மலைநாட்டுக்கே உரிய ஒரு சிக்கலையும் இந்தச் சொல் மறைத்துவிடுகிறது. கொழும்பில் கடல்மட்டத்தில் அடைத்த கண்ணாடியை 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். உள்ளே அடைபட்ட காற்று கண்ணாடியை வெளிப்பக்கம் தள்ளும். கண்ணாடி புடைக்கும், வெளியே தெரியும் காட்சி வளைந்து தெரியும், ஓர அடைப்பு இழுபடும், சிறிய கண்ணாடியாக இருந்தால் உடையவும் கூடும். இதற்காக ஓரப்பட்டையில் ஊசிபோன்ற நுண்குழாய் வைத்துச் செய்வார்கள். மேலே கொண்டுவந்து காற்று சமப்படவிட்டு, பிறகு செய்தவர் சொன்னபடி அதை அடைக்க வேண்டும். ஓடர் கொடுக்கும்போதே எந்த ஊருக்குப் போகிறது என்று சொல்ல வேண்டும். நடுவில் அடைபட்ட காற்று இருக்கிறது என்பதே சொல்லில் தெரியாவிட்டால், வாங்குகிறவருக்கு இதைக் கேட்கத் தோன்றுமா?

சரியான தமிழ் எது? பேச்சில் ‘கண்ணாடி போடுதல்’ இருக்கிறது. எழுத்தில் ‘கண்ணாடியிடல்’ என்று கொள்ளலாம். வேலியிடல், கூரையிடல் போல இயல்பாக நிற்கிறது. ‘கண்ணாடி பதித்தல்’ என்பதும் நல்ல சொல். ஆனால் பதித்தல் என்றதும் மோதிரத்தில் கல் பதிப்பதுபோல, அல்லது சட்டைத்துணியில் கண்ணாடிச் சில்லு பதிப்பதுபோல அலங்கார நினைவு வருகிறது. ஆகவே எனக்குக் கண்ணாடியிடலே பிடிக்கும். தூய தமிழ் வேண்டுமென்று ‘பளிங்கிடல்’ என்று சொல்வோரும் இருக்கக்கூடும். பளிங்கு என்றால் இன்று தரைக்குப் போடும் மாபிள் கல்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பழைய பொருளை மீட்கப்போய்ப் புதிய குழப்பம் வேண்டாம். கண்ணாடியே கண்ணும் ஆடியும் சேர்ந்த தமிழ்தான். இதற்குமேல் என்ன தூய்மை வேண்டும்?

டபுள் கிளேசிங்கை ‘இரட்டைக் கண்ணாடி’ என்றால் பாதிச் சரி. இரட்டைக் கதவு என்றால் பக்கத்தில் பக்கமாக நிற்கும் இரண்டு கதவு. இரட்டைக் கண்ணாடியும் அப்படிக் கேட்கும். ஒன்றின் பின் ஒன்றாக நிற்பதை ‘அடுக்கு’ சொல்லும். ஆகவே ‘ஈரடுக்குக் கண்ணாடி’, மூன்று வந்தால் ‘மூவடுக்குக் கண்ணாடி’. நடுவில் பிளாஸ்திக் தாள் வைத்து இரண்டு கண்ணாடியை இடைவெளியின்றி ஒட்டிய ‘லமினேட்டட்’ கண்ணாடியும் அடுக்குத்தானே என்று கேட்கலாம். அதற்கு ‘ஒட்டுக்கண்ணாடி’ என்று தனிப்பெயர் கொடுத்துவிட்டால் இரண்டும் முட்டாது. பிளைவூட்டை ஒட்டுப்பலகை என்று சொல்லிப் பழகியவர்கள்தானே நாம். கிளேசியரை ‘கண்ணாடி வினைஞர்’ என்று எழுதலாம். பேசும்போது கண்ணாடி போடுகிறவர்.

மட்பாண்டத்துக்கு மெருகு என்ற சொல் இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே அது பழகிவிட்டது, யாரையும் ஏமாற்றவில்லை.

யன்னல் தொழிலின் மற்றச் சொற்களுக்கும் இதே கதி வருகிறது. திறந்து மூடும் சட்டமான ‘சாஷ்’ இடுப்பில் கட்டும் கச்சையாகிறது. யன்னல் சாஷ் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, கச்சைச் சாஷ் அரபியிலிருந்து. ஓசை மட்டுமே ஒன்று. நமக்கு ‘சட்டம்’ இருக்கும்போது வேறு எதற்கு? கதவுக்கு மேலே வெளிச்சத்துக்கு வைக்கும் ‘ஃபேன்லைட்’ விசிறி விளக்காகிறது. இந்தத் தொழிலில் ‘லைட்’ என்றால் கண்ணாடி போட்ட திறப்பு. ‘மேல்யன்னல்’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

எல்லாவற்றிலும் மோசம் ‘வீப் ஹோல்’. அதை அழுகைத் துளை என்கிறார்கள். அலுமினிய, யூபிவிசி யன்னலின் கீழ்ச்சட்டத்தில் வெளிப்பக்கமாக உள்ள சின்ன வெட்டு அது. ரப்பர் தாண்டி உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் அதன் வழியாக வெளியேறும். ‘நீர்வடி துளை’ என்று எழுதினால் எதற்கென்று சொல்லிலேயே தெரியும். பெயர் புரியாததால், தண்ணீர் உள்ளே வருவது இந்த ஓட்டையால்தான் என்று எண்ணிச் சிலிக்கன் வைத்து அடைத்துவிடுகிறார்கள். மஸ்கெலியாவிலும் கினிகத்தேனையிலும் தென்மேல் பருவமழை வாரக்கணக்கில் அடிக்கும்போது கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் தேங்கும். ஈரடுக்குக் கண்ணாடியின் அடிவிளிம்பு அதில் ஊறிக்கிடந்து ஓர அடைப்பு விட்டுவிடும். வினாகிரி மணக்கும் சிலிக்கனாக இருந்தால் அந்த அமிலமும் சேர்ந்து அடைப்பை அரிக்கும். நியூட்ரல் சிலிக்கன்தான் கண்ணாடி ஓரத்துக்கு ஏற்றது. அடைப்பு விட்டபின் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஆவி படியும். அதைத் துடைக்க வழியில்லை. கண்ணாடியை முழுதாகக் கழற்றி மாற்ற வேண்டியதுதான்.