ஏர்கன்னின் உயிர் வாஷரில் இருக்கிறது

காங்கயம் பக்கம் அப்புச்சி வீட்டு அட்டாலியில் கிடந்த ஏர்கன்னைப் போன மாதம் கீழே இறக்கினேன். பத்து வயதில் கைப்பலம் போதாமல், தொடையில் முட்டுக் கொடுத்து மடக்கிய துப்பாக்கி. துடைத்து, மடக்கி, பத்தடி தள்ளி வைத்த தகர டப்பாவைச் சுட்டேன். ‘டப்’ என்று வர வேண்டிய சத்தம் ‘புஸ்’ என்று வந்தது. ஈயக் குண்டு டப்பாவில் பட்டு அப்படியே கீழே விழுந்தது.

“ஸ்பிரிங் போயிருச்சு கண்ணு, புதுசு போட்டுரு” என்றார் மாமா. பெரும்பாலும் எல்லோரும் சொல்வது இதுதான். ஆனால் ஸ்பிரிங் குண்டைத் தொடுவதே இல்லை. குழலை மடக்கும்போது பிஸ்டன் பின்னால் போகிறது, ஸ்பிரிங் அமுங்குகிறது, ஒரு கொக்கி அதைப் பிடித்து நிறுத்துகிறது. விசையை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து சிலிண்டரில் உள்ள காற்றை நசுக்குகிறது. நசுங்கிய காற்று சின்னத் துளை வழியாகக் குண்டின் முதுகில் மோதுகிறது. குண்டைத் தள்ளுவது காற்று. அந்தக் காற்றைப் பிஸ்டன் ஓரமாக நழுவ விடாமல் காப்பது தோல் வாஷர்.

கழற்றிப் பார்த்தேன். கிண்ணம் போல இருக்க வேண்டிய தோல் சுருங்கிக் கறுத்திருந்தது. விளிம்பை நகத்தால் அழுத்தினேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது.

இதன் வேலை சைக்கிள் பம்பு வாஷரின் வேலைதான். கிண்ணத்தின் வாய் காற்றைப் பார்த்து இருக்கும். காற்று அழுத்த அழுத்த விளிம்பு விரிந்து சிலிண்டர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் கூடினால் அடைப்பும் இறுகும் என்பதுதான் இதன் அழகு. தோல் காய்ந்தால் விளிம்பு விரியாது.

எவ்வளவு இடைவெளி விழுந்தால் கெடும்? என் துப்பாக்கியில் சிலிண்டரின் உள்விட்டம் 25 மி.மீ., காற்றுத் துளை 3 மி.மீ. துளையின் பரப்பு சுமார் 7 சதுர மி.மீ. வாஷரைச் சுற்றி ஒரு தலைமுடி அளவு, 0.1 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு 78.5 மி.மீ. என்பதால் அதன் பரப்பு 7.85 சதுர மி.மீ. குண்டுக்குப் போகும் வழியைவிடத் தப்பிக்கும் வழி பெரிதாகிவிடுகிறது! கணக்கைப் போட்டுப் பார்த்தபோது நானே அசந்துபோனேன். இந்த நிலையில் புது ஸ்பிரிங் போட்டால், மெத்தை போல் தாங்கும் காற்று இல்லாமல் பிஸ்டன் சிலிண்டரின் முனையில் போய் மோதும். சரி செய்யப் போய் உடைத்துவிடுவோம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: உள்ளே ஸ்பிரிங் எப்போதும் கொஞ்சம் அமுங்கியேதான் இருக்கும். பின்மூடியைச் சும்மா கழற்றினால் முகத்தில் அடிக்கும். தச்சர் கிளாம்ப்பில் இறுக்கிப் பிடித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகத் தளர்த்த வேண்டும்.

கோவைப் பக்கம் நமக்கு ஒரு வசதி, தடுக்கி விழுந்தால் லேத் பட்டறை. கணபதியில் ஒரு பட்டறையில் அச்சு கடைந்து வாங்கினேன். 3 மி.மீ. தோலை வட்டமாக வெட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அச்சில் அழுத்தி, நிழலில் இரண்டு நாள் காயவிட்டேன். அப்புறம் சிலிக்கோன் எண்ணெயில் ஓர் இரவு. எந்த எண்ணெயையும் ஊற்றிவிடக் கூடாது. நசுங்கும் காற்று சில நூறு டிகிரி சூடாகும். சாதாரண எண்ணெயின் ஆவி அதில் டீசல் எஞ்சினில் போலப் பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுவதும் இதே காரணத்தால்தான்.

அமெரிக்காவின் பிளிமத் ஊரில் 1880களில் நீரிறைக்கும் காற்றாலை செய்த கம்பெனி ஒன்று, காற்றாலை வாங்கும் விவசாயிகளுக்கு ஏர்கன்னை இனாமாகக் கொடுத்தது. இனாமுக்குத்தான் கிராக்கி அதிகம். 1895-இல் கம்பெனியின் பெயரே டெய்சி என்று துப்பாக்கியின் பெயராக மாறிவிட்டது. பம்புசெட் ஊர்க்காரனான எனக்கு இந்தக் கதை நெருக்கமாகப் படுகிறது.

புது வாஷரைப் போட்டுத் துப்பாக்கியைப் பூட்டியதும் குழல் மடங்கும் மூட்டில் மெல்லிய டிஷ்யூ தாளை வைத்து, மணல் மூட்டையைப் பார்த்துச் சுட்டேன். தாள் அசையவில்லை, அங்கே கசிவு இல்லை. அடுத்த குண்டு டப்பாவின் முன்பக்கத்தைத் துளைத்து உள்ளே உருண்டது. சத்தம், ‘டப்’.

தோட்டத்தில் மயில் தொல்லை இருந்தாலும் அதன் பக்கம் குழலைத் திருப்பக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மடக்கியபடியே வைத்துவிட்டுப் போகவும் கூடாது, ஸ்பிரிங் தளரும், ஆபத்தும்கூட.

மாமா இப்போது மருந்தடிக்கும் கைப்பம்பைத் திண்ணையில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். அதிலும் இதே கிண்ண வாஷர்தான். விளிம்பு காய்ந்திருக்கிறது.