வாய்க்கால் ஓரத்து லாட்ஜ்: எந்தக் கரை, எத்தனை அடி உயரம்?

திருநெல்வேலியில் தண்ணீரைப் பார்த்தபடி அறை வேண்டுமென்றால் இடத்துக்குப் பஞ்சமில்லை. டவுன் பக்கம் நெல்லைக் கால்வாய், அது நிரப்பும் நயினார்குளம், நடுவே தாமிரபரணி, தென்கரையில் மேலப்பாளையத்தையும் பாளையங்கோட்டையையும் தொட்டு ஓடும் பாளையங்கால்வாய். இந்தக் கரைகளில் லாட்ஜ் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, தண்ணீர் எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்றுதான். கேட்க வேண்டியது வேறு. தண்ணீர் எவ்வளவு மேலே இருக்கிறது, வருஷத்தில் எத்தனை தடவை ஏறி இறங்குகிறது?

தாமிரபரணியில் கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பதினொரு கால்வாய்கள் பிரிகின்றன. சுத்தமல்லி அணைக்கட்டில் நெல்லைக் கால்வாயும் பழவூர் அணைக்கட்டில் பாளையங்கால்வாயும் தலைமதகு வழியாகப் புறப்படும். புறப்பட்டதும் கால்வாய், ஆறு இறங்குவதைவிட மெதுவாக இறங்கும்படி மேட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு போகும். ஆறு கீழே போகப் போக, கால்வாய் அதைவிட உயரத்தில் நிற்கும். இடையில் இருக்கும் வயலுக்கு மடை திறந்தால் தண்ணீர் தானாகப் பாய்வது இதனால்தான். வயல் மனையாகி மனை லாட்ஜ் ஆன பிறகும் இந்த உயர வித்தியாசம் அப்படியே இருக்கும். ஆற்றுப்பக்கக் கரையில் நிற்கும் கட்டடத்துக்குக் கால்வாய்த் தண்ணீர் பல இடங்களில் தரைமட்டத்துக்கு மேலேயே ஓடுகிறது. பாளையங்கால்வாயில் இந்தப் பள்ளப்பக்கம் வடகரை, நெல்லைக் கால்வாயில் தென்கரை.

மேட்டுப்பக்கக் கரையில் கசிவுத் தொல்லை குறைவு. அங்கே பிரச்சினை மழைநாளில் வரும். மேட்டிலிருந்து இறங்கும் மழைநீருக்குக் கால்வாய்க் கரையே அணையாகிவிடும். கரைக்கு அடியில் போட்ட குழாய்ப்பாலத்தில் பிளாஸ்டிக்கும் அமலைச் செடியும் (ஆகாயத்தாமரை) அடைத்துக்கொண்டால் முற்றத்தில் முழங்காலளவு தண்ணீர் தேங்கும்.

பள்ளப்பக்கத்தில் வேலை சத்தமில்லாமல் நடக்கும். மண்கரைக் கால்வாயில் தண்ணீர் விட்டதும் அடியிலும் பக்கத்திலும் ஊறி, நிலத்தடி நீர்மட்டம் கால்வாயை ஒட்டி மேடாக எழும்பும். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தே இதைச் சொல்லிவிடலாம். இங்கே நெல்லுக்கு இரண்டு போகம்: கார் சாகுபடிக்கு வழக்கமாக ஜூன் தொடக்கத்தில், பிசானத்துக்கு வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அணையில் இருப்பைப் பார்த்துத் திறப்பார்கள். பிசான அறுவடை முடிந்தபின் கோடையில் கால்வாய் வறண்டு கிடக்கும். ஆக, அஸ்திவாரத்துக்குக் கீழே மண் வருஷா வருஷம் ஊறிக் காய்கிறது.

கட்டடத்தைப் படுத்துவது இந்த ஊறலும் காய்ச்சலும்தான். எப்போதும் நனைந்தே இருக்கும் மண் ஒரு தடவை அமுங்கி நின்றுவிடும். களி கலந்த மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கால்வாய்ப்பக்க மூலை மட்டும் அதிகம் உப்பிச் சுருங்கினால் சுவரில் படிக்கட்டு மாதிரி சாய்வாக விரிசல் விழும். மே மாதம் விரிந்து, நவம்பரில் மூடிக்கொள்ளும் விரிசலைச் சிமெண்ட் வைத்து அடைப்பதில் பயனில்லை, அடுத்த கோடையில் அதே கோட்டில் திறக்கும். கரிசல் கலந்த மனையானால் பருவத்துக்குப் பருவம் அசையும் மேல்மண்ணைத் தாண்டி, சுமார் மூன்றரை மீட்டர் ஆழத்துக்குப் பைல் (மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் தூண்) இறக்கி, அடியில் தண்டின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்கு அகலத்தில் குமிழ் வைப்பார்கள். மேல்மண் உப்பும்போது கட்டடத்தைத் தூக்கவிடாமல் அந்தக் குமிழ் பிடித்துக்கொள்ளும்.

ஆம்ஸ்டர்டாமில் 17ஆம் நூற்றாண்டுக் கால்வாய் வளையத்தில் இன்று ஹோட்டலாக இருக்கும் பழைய வீடுகள் பல மரக்கம்புகள் மேல்தான் நிற்கின்றன. சதுப்பு மண்ணைத் துளைத்து, சுமார் 12 மீட்டர் ஆழத்தில் உள்ள மணல் அடுக்கில் ஊன்றிய பைன் மரங்கள் அவை. டாம் சதுக்கத்து அரண்மனைக்கு மட்டும் 13,659 கம்புகள். மரம் இத்தனை காலம் மக்காததற்குக் காரணம் தண்ணீரே. கம்புகளின் தலை எப்போதும் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஆக்சிஜன் கிடைக்காது. அதற்காகவே மதகுகளை வைத்து அங்கே கால்வாய் மட்டத்தைக் கிட்டத்தட்ட அசையாமல் பிடித்திருக்கிறார்கள். நிலத்தடி நீர் இறங்கிக் கம்பின் தலை வெளியே வந்தால் அழுகல் ஆரம்பம். வெனிஸ் நம் நிலைமைக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது. அங்கே கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். அதனால் தண்ணீர் தொடும் உயரம் வரை நீர் உறிஞ்சாத இஸ்திரியா சுண்ணாம்புக்கல் வைத்து, அதற்குமேல்தான் செங்கல் கட்டினார்கள். கீழ்த்தளம் சரக்கு வைக்க, குடியிருப்பது மாடியில். கடல் உயர்ந்து கல்வரிசையைத் தாண்டிச் செங்கல்லைத் தொட ஆரம்பித்தபின்தான் அந்தச் சுவர்களில் உப்பு ஏறியது.

நம் ஊர்ச் சுவரில் ஓதம், அதாவது தரையிலிருந்து ஈரம், ஏறுவதும் இதே கணக்குத்தான். செங்கல், காரை இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல் தண்ணீர் அவற்றில் ஏறும். துளையின் விட்டம் 0.1 மில்லிமீட்டரானால் சுமார் 30 சென்டிமீட்டர், 0.01 மில்லிமீட்டரானால் கணக்குப்படி மூன்று மீட்டர். ஏறும்போதே சுவரின் முகம் வழியாக ஆவியாகிவிடுவதால், வழக்கமாக ஒரு மீட்டர் உயரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிடும். தண்ணீர் ஆவியாகும், அது கொண்டுவந்த உப்பு அங்கேயே தங்கும். உப்பு படிகமாகிப் பெருக்கும்போது பூச்சைப் பிளக்கும். பெயிண்ட் பொரிந்து வெள்ளையாகப் பூத்து உதிர்வது அதுதான்.

அதன்மேல் கெட்டியான சிமெண்ட் பூச்சு, எனாமல் பெயிண்ட், அல்லது டைல்ஸ் ஒட்டுவது நாம் அடிக்கடி செய்யும் தப்பு வைத்தியம். ஆவியாக வழி அடைபட்டதும் தண்ணீர் டைல்ஸுக்கு மேல் விளிம்பைத் தாண்டி இன்னும் உயரமாக ஏறும். இடுப்புயரம் இருந்த கறை தோளுயரம் போவது இப்படித்தான். பழைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு நல்லது. உதிர்ந்தால் பூச்சு உதிரும், செங்கல் தப்பிக்கும். புதுக்கட்டடத்தில் தரைக்கு 15 சென்டிமீட்டராவது மேலே, அடித்தளத்தின் தலையில் 40 மில்லிமீட்டர் கனத்துக்கு, நீர்த்தடுப்புப் பொடி கலந்த 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் பட்டையைச் சுவரின் முழு அகலத்துக்கும் இடைவெளியில்லாமல் போட வேண்டும். வாசல் படிக்காக ஓரிடத்தில் விட்டுவிட்டால் போட்ட மொத்தமும் வீண். பின்னாளில் தோட்டத்துக்கு மண் கொட்டி அந்தப் பட்டையை மூடுவதும் அதே விளைவைத் தரும்.

நிலத்தடி நீர்த்தொட்டி கட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. வெளியளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், 15 சென்டிமீட்டர் கனக் கான்கிரீட். மூடி போடாத நிலையில் எடை சுமார் 9 டன். சுற்றி நீர்மட்டம் தொட்டியின் அடியிலிருந்து ஒன்றரை மீட்டர் ஏறினாலே அது தள்ளும் விசை 9 டன்னைத் தொடும். பக்கத்தில் மண் நிரப்பாமல், உள்ளே தண்ணீரும் இல்லாமல் விட்டுவைத்தால் தொட்டி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். கால்வாய் திறக்கும் மாதங்களில் சம்ப் வேலை என்றால் ஓரடி தண்ணீராவது உள்ளே விட்டுவைக்கலாம், அல்லது கோடையிலேயே முடித்துவிடலாம். இதே காரணத்தால் பிசான காலத்தில் செப்டிக் டேங்கை ஒரேயடியாகக் காலி செய்வதும் ஆபத்து. அதன் ஊறுகுழி நீர்மட்டத்துக்கு மேலே இல்லையென்றால், கழிவுநீர் ஊற இடமில்லாமல் கீழ்த்தள அறைகளின் கழிப்பறையில் திரும்பி வரும். கிணறு பக்கத்தில் இருந்தால் சொல்லவே வேண்டாம்.

வெள்ளத்திலும் முதல் நுழைவாயில் பெரும்பாலும் கழிவுநீர்க் குழாய்தான். ஆற்று மட்டம் ஓடையின் வாயைவிட உயர்ந்ததும் ஓட்டம் திசை மாறும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நெல்லையில் ஜங்ஷன், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீரில் நின்றன. வாசலில் மணல்மூட்டை அடுக்கியவன் வீட்டுக்குள்ளும் தரைக் குழாய் வழியாகத் தண்ணீர் வரும். வெளியேறும் குழாயில் ஒருவழி வால்வு ஒன்று இருந்தால் இதைத் தடுக்கலாம், ஆனால் வருஷம் ஒருமுறை திறந்து குப்பை எடுக்காத வால்வு மூடாது. தண்ணீரோடு வாழக் கட்டியது எப்படி இருக்குமென்று பார்க்கக் குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குப் போகலாம். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் அந்தக் கோயிலின் மேற்குமுகம் படகின் முனைபோல் கூராக இருக்கிறது. வெள்ளம் மோதாமல் பிரிந்து போகும். தண்ணீர் வருமுன் உற்சவரைக் கரையிலுள்ள கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

கொசு விஷயம் சுருக்கம். ஓடும் தண்ணீரில் கியூலெக்ஸ் கொசு பெருகாது. கால்வாய் அடைத்தபின் சாக்கடை கலந்து நிற்கும் குட்டைகளில்தான் பெருகும், முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே ஜன்னல் வலை மிகவும் தேவைப்படுவது தண்ணீர் இல்லாத மாதங்களில்.

வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ போகிறவர்கள் கால்வாய் வறண்ட மே மாதத்தில் கட்டடத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். திறந்து ஒரு மாதமாவது ஆனபின், முடிந்தால் நவம்பர் கடைசியில் போய்ப் பாருங்கள். கட்டிலுக்குப் பின்னாலும் பீரோவுக்குப் பின்னாலும் சுவரைத் தொட்டுப் பாருங்கள், முன்பக்கம் புதுப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். தரை டைல்ஸை நாணயத்தால் தட்டினால் அடியில் மண் இறங்கிய இடம் பொள்ளலாகக் கேட்கும். பக்கத்து வீட்டுக் கிணற்றின் உள்சுவரில் ஈரக்கோடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து, தண்ணீர் நிரப்பிய ஒரு ரசமட்டக் குழாயால் அதை லாட்ஜின் தரையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இரண்டடிக்கும் குறைவு என்றால் கீழ்த்தளத்தை வரவேற்பறைக்கும் வண்டி நிறுத்தவும் விட்டுவிட்டு, படுக்கையறைகளை முதல் மாடியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மின் மீட்டரும் ஜெனரேட்டரும் மேலே போகட்டும்.