மொட்டை மாடி இன்சுலேஷன்: தடிமன் மட்டும் போதுமா?

"எத்தனை இன்ச் போடணும்?" வெயில் சூடு கீழே இறங்காமலிருக்க மொட்டை மாடிக்கு இன்சுலேஷன் செய்ய நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் பழுதான மாடிகளைப் பிரித்துப் பார்க்கும்போது, தடிமன் குறைந்து கெட்டவற்றைவிட ஈரம் இறங்கிக் கெட்டவற்றைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் கணக்கு. தடிமனை மீட்டரில் எடுத்து, பொருளின் வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் வருவது ஆர் மதிப்பு, அதாவது வெப்பத் தடை. கான்கிரீட்டின் கடத்துதிறன் சுமார் 1.6. அதனால் 150 மி.மீ. தளத்தின் தடை வெறும் 0.09தான். எக்ஸ்.பி.எஸ். எனும் கெட்டியான பிளாஸ்டிக் நுரைப் பலகைக்குக் கடத்துதிறன் சுமார் 0.033. 50 மி.மீ. பலகையே 1.5 தடை தந்துவிடும். கான்கிரீட்டை மட்டும் நம்பினால் இதற்குக் கிட்டத்தட்ட 2.4 மீட்டர் தடிமன் வேண்டும்!

மேலும் கீழும் ஒட்டியிருக்கும் காற்றுப் படலங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், முதல் 50 மி.மீ. தளம் வழியாக வரும் வெப்பத்தில் ஆறில் ஐந்து பங்கைத் தடுத்துவிடும். அதன்மேல் இன்னொரு 50 மி.மீ. போட்டால், மிஞ்சிய ஒரு பங்கில்தான் பாதியளவு குறையும். தடிமனைக் கூட்டக் கூட்டப் பலன் இப்படிச் சுருங்கிக்கொண்டே போகும்.

சரி, ஈரத்துக்கு வருவோம். பலகைக்குள் அடைபட்டிருக்கும் அசையாத காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. அதன் கடத்துதிறன் 0.026, தண்ணீருக்கு 0.6. காற்றின் இடத்தில் தண்ணீர் புகுந்தால் தடை சரிந்துவிடும். ஒரு கட்டடத்தில் மேல் காரையை உடைத்து, அடியிலிருந்த தெர்மோகோல் பலகையைத் தூக்கினேன். கை இறங்கும் அளவுக்குக் கனம். வடிகுழாய் வாயில் இருந்த விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருந்தது. கீழே கூரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வீட்டுக்காரர் பலகை போலி என்றே நம்பியிருந்தார். பலகை நல்லதுதான், நனைந்துவிட்டது, அவ்வளவுதான்.

பலகைகளுக்கு இடையே விடும் இடைவெளியும், கைப்பிடிச் சுவர் ஓரத்தில் மூடாமல் விடும் பட்டையும் வெப்பத்துக்குக் குறுக்கு வழி. ஒரே தடித்த பலகையைவிட, மூட்டு மேல் மூட்டு வராமல் மாற்றி வைத்த இரண்டு அடுக்குகள் மேல்.

அப்புறம், இன்சுலேஷனைத் தளத்துக்கு மேலே போடுங்கள் என்றே சொல்வேன். உள்கூரையில் போட்டால் அறைக்கு வரும் வெப்பம் குறையும், உண்மைதான். ஆனால் கான்கிரீட் நாள் முழுக்க வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கும். கைப்பிடிச் சுவர் அடியில் ஓடும் விரிசல்கள் பலவும் அதன் வேலை. வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும். தூசி படிந்தால் அந்தப் பலன் குறையும். அது இன்சுலேஷனுக்கு மாற்று அல்ல.

பலகை வாங்கும்போது கடத்துதிறனோடு, நீர் உறிஞ்சும் அளவையும் அழுத்தம் தாங்கும் திறனையும் எழுத்தில் கேளுங்கள். நீர்க்காப்புப் படலத்தின் மேல் தண்ணீர் தேக்கிப் பார்க்கும் சோதனையைப் பலகையால் மூடுவதற்கு முன்பே செய்யச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நீங்களே மாடிக்குப் போய், வடிகுழாய் வாய் ஒவ்வொன்றையும் குனிந்து பாருங்கள்.