உரசலால் உருகுவதில்லை பாறை

உலக வரைபடத்தில் நிலநடுக்கங்களைப் புள்ளிகளாகவும் எரிமலைகளை முக்கோணங்களாகவும் குறித்தால், பசிபிக் பெருங்கடலைச் சுற்றி இரண்டும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்கும் பலர், பூமியின் பாறைத் தட்டுகள் ஒன்றோடொன்று உரசுகின்றன, அந்தச் சூட்டில் பாறை உருகி எரிமலையாகப் பீறிடுகிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. அப்படியிருந்தால் கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவு நெடுக எரிமலைகள் வரிசைகட்டி நிற்க வேண்டும். சுமார் 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு அங்கே இரண்டு தட்டுகள் உரசிக்கொண்டே இருக்கின்றன. அப்படியொரு வரிசை இல்லை. இமயமலை அடிக்கடி குலுங்குகிறது. அங்கும் எரிமலைத் தொடர் கிடையாது. ஹவாயோ எந்தத் தட்டின் விளிம்பையும் ஒட்டாமல் பசிபிக் தட்டின் நடுவில் இருந்துகொண்டு குழம்பைக் கக்குகிறது.

முதலில் நடுக்கத்தைப் பார்ப்போம். பூமியின் கடினமான வெளிப்பகுதி, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தடிமனுள்ள தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. இவை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்கின்றன. தட்டின் உட்பகுதி நகர்ந்தாலும், விளிம்பில் பாறையும் பாறையும் இறுகப் பற்றிக்கொண்டு அசைய மறுக்கின்றன. இடைப்பட்ட பாறை மெல்ல வளைகிறது. பாறை வளையுமா என்று கேட்கத் தோன்றும். வளையும், பல கிலோமீட்டர் அகலத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. பிடிமானம் தாங்க முடியாத கட்டத்தில் பிளவு நழுவுகிறது. பல பத்தாண்டுகளாக, சில இடங்களில் பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த வளைவு சில நொடிகளிலோ நிமிடங்களிலோ நிமிர்கிறது. அப்போது கிளம்பும் அலைகளே நாம் உணரும் குலுக்கல்.

1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு எடுத்த ஒரு புகைப்படத்தில், புல்வெளியில் நேராகப் போகும் மரவேலி ஓரிடத்தில் அறுபட்டு, ஏறக்குறைய இரண்டரை மீட்டர் தள்ளி மறுபடி தொடங்குகிறது. நடுவே பிளவு ஓடுகிறது. அந்தப் பகுதியில் நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த நில அளவைகளை ஒப்பிட்டுத்தான், ‘வளைந்து நிமிர்தல்’ என்ற விளக்கத்தை அமெரிக்கப் புவி இயற்பியலாளர் ஹாரி ஃபீல்டிங் ரீட் உருவாக்கினார்.

எரிமலையின் கதை வேறு. தட்டுகளுக்குக் கீழே இருக்கும் மூடகம் ஏதோ கொதிக்கும் கடல் என்று நினைக்க வேண்டாம். அது திடப் பாறைதான். மிக மெதுவாக ஊர்கிறது, அவ்வளவே. சுமார் 1,300 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் அது உருகாமல் இருப்பதற்குக் காரணம், மேலிருந்து அழுத்தும் பெரும் பாரம். அதை உருக்கப் புதிதாகச் சூடேற்ற வேண்டியதில்லை. பாரத்தைக் குறைத்தாலே போதும். கடல் நடுவே தட்டுகள் விலகும் இடத்தில் சூடான பாறை மேலேறுகிறது, அழுத்தம் குறைகிறது, ஒரு பகுதி உருகுகிறது. ஐஸ்லாந்தில் இது நிலத்துக்கு மேலேயே நடக்கிறது.

இன்னொரு வழி தண்ணீர். ஒரு கடல்தட்டு மற்றொரு தட்டுக்கு அடியில் புதையும்போது, தன் கனிமங்களுக்குள் கட்டுண்டிருக்கும் நீரையும் இழுத்துச் செல்கிறது. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஆழத்தை நெருங்கும்போது வெப்பமும் அழுத்தமும் அந்த நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. உப்பு தூவிய பனிக்கட்டி குறைந்த வெப்பநிலையிலேயே உருகுவதைப் போல, நீர் கலந்த மூடகப் பாறையின் உருகுநிலை இறங்கிவிடுகிறது. அங்கே உருவாகும் குழம்புதான் ஆண்டீஸ், ஜப்பான், சுமத்ரா எரிமலைகளுக்குத் தீனி. அதனால்தான் இந்த எரிமலைகள் தட்டுகள் சந்திக்கும் கடல் அகழியின் மேலேயே நிற்காமல், அதிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் அகழிக்கு இணையாக வரிசை பிடிக்கின்றன.

இமயமலையின் புதிரும் இங்கே அவிழ்கிறது. மோதுவது இரண்டு கண்டங்கள். கண்டப் பாறை இலகுவானது, ஆழத்துக்கு அமிழாது. நீர் சுமந்த கடல்தளம் புதையாத இடத்தில் அப்படிப்பட்ட எரிமலைக்கு வழியில்லை. ஆனால் பிளவுகள் பூட்டிக்கொள்வது நிற்பதில்லை; 2015இல் நேபாளத்தில் 7.8 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது அதனால்தான்.

அப்படியானால் இரண்டுக்கும் நேரடித் தொடர்பே கிடையாதா? சில வேளைகளில் உண்டு. 1960 மே 22 அன்று சிலியில் 9.5 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கம், கருவிகள் பதிவு செய்தவற்றிலேயே மிகப் பெரியது. இரண்டே நாளில் அருகிலிருந்த கோர்டோன் கௌயே எரிமலை வெடித்தது. ஏற்கெனவே குழம்பு நிரம்பித் தயாராக இருக்கும் எரிமலையைத்தான் பெரிய குலுக்கல் தட்டி எழுப்ப முடியும். காலியாகக் கிடப்பதை அது வெடிக்க வைக்காது.

எதிர்த்திசையிலும் நடக்கும். மேலேறும் குழம்பு பாறையைப் பிளந்து வழி தேடும்போது சின்னச் சின்ன அதிர்வுகள் பெருகுகின்றன. 1991இல் பிலிப்பைன்ஸின் பினடூபோவில் விஞ்ஞானிகள் இந்த அதிர்வுகளையும் வெளியேறும் வாயுவையும் கவனித்து எச்சரித்ததால், ஜூன் 15 பெருவெடிப்புக்கு முன்பே பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். பூட்டிக் கிடக்கும் பிளவு இப்படி நம்பத்தக்க முன்னறிகுறி எதையும் தருவதில்லை. எங்கே இறுக்கம் சேர்கிறது என்பதை ஜிபிஎஸ் கருவிகளால் அளக்கலாம், எந்த நாளில் நழுவும் என்று சொல்ல முடியாது.