வைப்ரேட்டர் படாத சுவர்

ரோம் நகரத்துக்குக் கான்கிரீட் புதிதல்ல. பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலின் 43 மீட்டர் அகலக் குவிமாடம், உள்ளே ஒரு கம்பிகூட இல்லாமல், சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் சேர்ந்த கலவையால் சுமார் 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. அதே ஊரின் வடக்கே, ஃப்ளமீனியோ பகுதியில் பழைய ராணுவ முகாம் இருந்த இடத்தில், 2010 மே மாதம் திறந்தது மாக்ஸி அருங்காட்சியகம். 21ஆம் நூற்றாண்டுக் கலைக்கும் கட்டடக்கலைக்குமானது. வடிவமைத்தவர் ஸாஹா ஹதீத்.

டிக்கெட் வாங்கும் முன் வெளிச்சுவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நீளமாக, வளைந்து, சில இடங்களில் சாய்ந்து போகிறது. பூச்சு கிடையாது. சென்ட்ரிங் பிரித்தபோது எப்படி வந்ததோ அதுதான் கடைசி வரைக்கும்.

சாதாரணக் கான்கிரீட்டில் இதைச் செய்வது பெரும்பாடு. கொட்டிய கலவைக்குள் காற்று அடைபட்டிருக்கும். வைப்ரேட்டரை இறக்கி அதிரவிட்டால்தான் அது வெளியேறும், கலவையும் மூலைமுடுக்கெல்லாம் இறங்கும். கம்பி நெருக்கமாக உள்ள வளைந்த, ஆழமான அச்சுக்குள் வைப்ரேட்டர் எல்லா இடத்துக்கும் எட்டாது. எட்டாத இடத்தில் பொத்தல் விழும். வீட்டுச் சுவர் என்றால் பூசி மறைத்துவிடலாம். இங்கே அதற்கு வழியில்லை.

அதனால் தானாகவே பரவி இறுகும் கான்கிரீட்டைப் பயன்படுத்தினார்கள். 1980களின் பிற்பகுதியில் ஜப்பானில், டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹஜிமே ஒகமுரா முன்வைத்த யோசனை இது. தண்ணீரை அதிகம் ஊற்றினால் எந்தக் கலவையும் ஓடும்தான். ஆனால் ஜல்லி அடியில் தங்கிவிடும். மிஞ்சிய தண்ணீர் பின்னால் காய்ந்து நுண்துளைகளை விட்டுப்போகும், வலு குறையும். ஓடவும் வேண்டும், ஜல்லி பிரியவும் கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்.

தீர்வு சிமெண்ட் துகள்களில் இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அவை ஒன்றையொன்று இழுத்துக் கட்டிகட்டியாகச் சேர்ந்து, நடுவே தண்ணீரைச் சிறைவைத்துவிடும். பாலிகார்பாக்சிலேட் என்ற வேதிப்பொருளைச் சிறிதளவு சேர்த்தால், அதன் நீண்ட மூலக்கூறுகள் துகள்மீது ஒட்டிக்கொண்டு, அதன் கிளைகள் பக்கத்துத் துகளை நெருங்கவிடாமல் தள்ளும். சிறைப்பட்ட தண்ணீர் விடுபடும், கலவை இளகும். கூடவே ஜல்லியைக் குறைத்து, சுண்ணாம்புக்கல் பொடி போன்ற நுண்பொடியைக் கூட்டுவார்கள். அந்தப் பசைத்தன்மை ஜல்லியைத் தாங்கிப்பிடிக்கும். பதம் பார்ப்பதும் எளிது: கூம்பு நிறையக் கலவையை ஊற்றிக் கூம்பைத் தூக்கினால், தோசை மாவுபோல வட்டமாகப் பரவ வேண்டும். பொதுவாக 55 முதல் 85 செ.மீ. விட்டம் வரை ஏற்பார்கள்.

இதற்கும் ஒரு விலை உண்டு. திரவம்போல் ஓடுவது திரவம்போலவே பக்கவாட்டில் அழுத்தும். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2.4 டன். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரே மூச்சில் ஊற்றினால், அடியில் ஒவ்வொரு சதுர மீட்டர் பலகையையும் 24 டன் எடைக்குச் சமமான விசை தள்ளும். அச்சு பிதுங்கினால் வளைவு போச்சு. என்னைக் கேட்டால், இந்தக் கட்டடத்துக்கான பாராட்டில் பாதி சென்ட்ரிங் ஆட்களுக்குப் போக வேண்டும்.

சரி, உள்ளே போவோம். தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை, அதன் அடியில் சுவரின் வளைவோடு ஓடும் ஒல்லியான விலாக்கள். நேர் வெயிலைக் கண்ணாடிக்கு மேலுள்ள கம்பிச் சல்லடை தடுக்கிறது. மீதியைத் திரைகளால் கூட்டிக் குறைக்கலாம். இந்த ஏற்பாடு அலங்காரத்துக்கு அல்ல. வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம். காகித ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் வழக்கமாக அனுமதிப்பது 50 லக்ஸ். அதுவும் ஒளியின் சேதம் கூடிக்கொண்டே போவது. இன்று பட்டதை நாளை இருட்டில் வைத்தாலும் திரும்பப் பெற முடியாது. மாக்ஸியின் கட்டடக்கலைத் தொகுப்பில் இத்தாலியக் கட்டடக்கலைஞர் கார்லோ ஸ்கார்பா, பொறியாளர் பியர் லூய்ஜி நெர்வி ஆகியோரின் வரைபடங்கள் இருப்பதால் இந்தக் கவலை ரொம்பவே நிஜமானது.

நெர்வி பங்கேற்றுக் கட்டிய 1957ஆம் ஆண்டு விளையாட்டரங்கம் இங்கிருந்து நடக்கும் தூரம்தான். அதன் மெல்லிய கான்கிரீட் குவிமாடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று மாக்ஸி விடுமுறை.